அரக்குச் சேலையும் ஆரணி எலிகளும்

என்னை ஆரணிக்கு வரவழைத்தது ஓர் எலி. திரும்பிப் போய் இதைச் சொன்னபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. நான் மலேசியாவில், பேராக் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கூட வேலை பார்த்த ஒருவர் மூலமாக ஆரணி நெசவாளர் முனிரத்தினத்திடம் ஒரு முகூர்த்தச் சேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அரக்கு நிறம், ஜரிகைக் கரை. காஞ்சிபுரம் வேண்டாம் என்று சொன்னதே நான்தான். அதைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் வெயிலில் நின்றால் மாப்பிள்ளைக்கு முன் நான் மயங்கி விழுவேன். ஆரணிப் பட்டு எடை குறைவு.

எண்பதுகளின் நடுவில் ஒரு நவம்பரில் கடிதம் வந்தது. 'தறியில் இருக்கும் பாவு நூலை எலி கடித்துவிட்டது. இது இரண்டாம் தடவை. தை மாதத்துக்குள் முடியுமா என்று பயமாக இருக்கிறது. மன்னிக்கவும்.'

படித்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரிடமும், முனிரத்தினத்திடமும்கூட, தங்கை மகளுக்குச் சேலை என்று சொல்லியிருந்தேன். தங்கை மகளுக்கு அப்போது வயது ஒன்பது. சேலை எனக்குத்தான். எனக்கு நாற்பத்தொன்று. மாப்பிள்ளை எங்கள் தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், மனைவியை இழந்தவர், சாந்தமான மனிதர். தையில் கோயிலில் வைத்துத் தாலி என்று பேச்சு. 'சரி' என்று அவரிடம் சொல்லியிருந்தேனே தவிர, எனக்குள் நான் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. சேலை வராவிட்டால் அதைச் சாக்காக வைத்து அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிவிடலாம் என்று ஒரு மூலையில் கணக்கு ஓடியது. அந்த டிரெஸ்ஸரோ, "சேலை இல்லாட்டி என்ன, சாதாரண நூல் புடவையில தாலி கட்டிக்கலாம்" என்றார். என் சாக்கையும் பறித்துக்கொண்ட அந்தத் தாராளம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பிற்று. பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாளே கிளம்பிவிட்டேன்.

ஆரணியில் இறங்கும்போது மழை. பஸ்ஸில் என் பக்கத்தில் வந்த அம்மாள் மடியில் ஒரு கூடை. அதற்குள் இரண்டு கோழிகள். ஒரு கோழி என் கைப்பையின் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் விட்டது. நிலையத்துக்கு எதிர்க்கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் நாம் கேட்டதைத்தான் வேலைக்காரர் கொண்டுவந்து வைப்பார். இங்கே வாழை இலையில் நாலு இட்லி விழுந்த பிறகு, "இன்னா ஓணும்?" என்று கேட்டார்கள்.

லாட்ஜில் தங்குவதாக இருந்தேன். முனிரத்தினத்தின் மனைவி சரோஜா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பொம்பள ஒண்டியா லாட்ஜுல தங்குறதா? நல்லா கீது போங்க. எங்க பொண்ணு காட்பாடிக்குக் கண்ணாலம் கட்டிப் போனப்புறம் அந்த ரூம்பு சும்மாத்தான் கீது" என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டின் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. குழித்தறி. முனிரத்தினம் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மடிக்கு முன்னால் பாதி நெய்த அரக்குச் சேலை. இன்னும் நெய்யாத பாவு நூல் முழுவதையும் சுருட்டி, எதிர்ச்சுவர் ஓரம் மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். அந்த மூட்டையில்தான் எலி வாய் வைத்திருந்தது. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"ரெண்டு வாட்டியும் சேர்த்து ஆறு நாள் போச்சுங்க, டீச்சர்" என்றார் அவர். "இப்ப ஓடிகினு கீது. இன்னொரு வாட்டி வாய் வெச்சா, நான் பொறுப்பில்ல."

எனக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குமேல் இருக்க முடியாது.

சரோஜா காப்பி கொடுத்துவிட்டு, "தங்கச்சி பொண்ணு இன்னா நெறம்?" என்று கேட்டாள். யோசிக்காமல் என் முழங்கையைப் பார்த்தேன். "மாநிறம்தான்" என்றேன்.

சிறிது நேரம் கழித்து, புருஷனும் பெண்சாதியும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். இங்கே பல நெசவு வீடுகளில் உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்கர்கள். அந்தப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் நான். சரோஜா சொன்னது இது: 'தங்கச்சி மகளோட நிறத்தைக் கேட்டால் இந்த அம்மா தன் கையைப் பார்க்குது.' அவர் சிரித்தார். தெலுங்கு தெரியாதவளைப் போல நான் காப்பியைக் குடித்தேன்.

இரண்டாம் நாள் காலையில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டார் ஒரு புதுப் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, தூரிகையால் நீவினார்கள். கஞ்சி போட்டால்தான் இழை தறியில் அறுகாது. வெயில் போய்விடுமோ என்று ஆண்களும் பெண்களும் ஓட்டமும் நடையுமாக இருந்தார்கள். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி, பாவுக்கு அடியில் குனிந்து, சைக்கிளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"இந்தக் கஞ்சி வாசனைக்குத்தாங்க எலி வர்து" என்றார் முனிரத்தினம். பாஷாணம் வைத்துப் பார்த்தார்களாம். எலிகள் சுவருக்குள் செத்து ஒரு வாரம் நாறியதாம். அடுத்த வாரம் அதே பொந்தில் வேறு எலிகள் குடி வந்துவிட்டனவாம்.

"பூனை வளர்க்கலாமே?" என்றேன்.

"தறி வூட்ல பூனையா?" என்று சரோஜா சிரித்தாள். "நூலு சுத்தி வெச்ச தாரு உருண்டா போதும், அது வெளையாட ஆரம்பிச்சிடும். எலி கடிச்சா பத்து இழை. பூனை வெளையாண்டா பாவே போச்சு."

எங்கள் தோட்டத்தில் எலி ஒழிக்க ஆந்தைகளுக்குப் பலகைப் பெட்டி செய்து கம்பத்தில் வைக்கத் தொடங்கியிருப்பதைச் சொன்னேன்.

"ஆந்தைக்கு வூடா? கண்ணாலச் சேலை நெய்யிற எடத்துல! மொதல்ல வாயக் கழுவுங்க" என்று செம்பில் தண்ணீரே கொண்டுவந்துவிட்டாள்.

நானும் விடவில்லை. இருபது வருஷமாக உணவுச் சங்கிலிப் பாடம் நடத்துகிறவள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று வரிசையாக எழுதி அம்புக்குறி போடச் சொன்னால், பிள்ளைகளில் பாதிப் பேர் பாம்பிலிருந்து தவளைக்குப் போடுவார்கள். யார் யாரைத் தின்கிறார்கள் என்று காட்டுகிறார்களாம். அப்படி இல்லை, ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறதோ அந்தப் பக்கம்தான் அம்பு என்று சொல்லி மார்க்கைக் குறைப்பேன். ஆகவே ஆரணியிலும் ஆற்றலைத் தேடிப் புறப்பட்டேன். தெருக்கோடியில் ஓர் அரிசி ஆலை. உமி மலை போலக் கிடந்தது. ஆனால் சத்தம் இல்லை. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது, கையிருப்பு நெல் தீர்ந்துவிட்டது என்றார் காவலாளி. எனக்கு விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஆலை ஓடியபோது சிந்திய நெல்லிலும் தவிட்டிலும் பெருகிய எலிகள், ஆலை நின்றதும் தெருவுக்குள் வந்திருக்கின்றன. பசித்த எலிகள். பசி தீர்ந்தால் பட்டை விட்டுவிடும்.

மூன்றாம் நாள் அந்தக் காவலாளியிடமே ஒரு பை தவிடு வாங்கி வந்தேன். கொல்லைப்புறச் சாக்கடை ஓரம் மண்சட்டியில் வைத்தேன். கொஞ்சம் நொய்யும் சேர்த்தேன்.

"எலிக்குக் கஞ்சித் தொட்டி தொறந்துட்டாங்க டீச்சரம்மா" என்றாள் சரோஜா. முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். ஆனால் படித்தவள், கடல் தாண்டி வந்தவள், எப்படி மறுப்பார்?

நாலாம் நாள் காலையில் சட்டி துடைத்து வைத்தது போல இருந்தது. பாவில் ஒரு கீறல் இல்லை. இன்னும் அதிகம் வைத்தேன். ஐந்தாம் நாளும் பாவு பத்திரம். பெருமை தாங்கவில்லை. அன்று மத்தியானம் பஜார் கடையில் பிரியாணி வாங்கி வந்து எல்லோருக்கும் போட்டேன். கூட வந்த கத்திரிக்காய்க் குழம்பு பிரியாணியையே தோற்கடித்துவிட்டது. எங்கள் ஊரில் பிரியாணிக்கு அன்னாசிப் பச்சடி வைப்பார்கள் என்றதும் முனிரத்தினம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் வந்து, "இன்னா மந்திரம் போட்டீங்களோ, ரெண்டு நாளா எங்க வூட்ல எலித் தொல்லையே இல்லீங்க" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் உயிர்களின் எண்ணிக்கை மாறுவதற்கு நான்கே வழி: பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு. அவர்கள் வீட்டுப் போக்கு எங்கே வரவாகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். தெரு எலி அத்தனையும் என் சட்டியைத் தேடி வந்துவிட்டது.

என் தாத்தாவும் இந்த ஜில்லாவிலிருந்துதான் கப்பல் ஏறினார். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, நானும் விசாரிக்கவில்லை. இங்கே சோறு இல்லை, அங்கே இருக்கிறது என்றார்கள், போனார். எலியை நான் குறை சொல்ல முடியாது.

ஆறாம் நாள் விடிந்ததும் சரோஜாவின் குரல் கேட்டு எழுந்து ஓடினேன். பாவு மூட்டையின் பக்கவாட்டில் ஓட்டை. மேலோடு கடித்ததல்ல. துளைத்துக்கொண்டு நடு வரைக்கும் போயிருந்தது. கடைசியில் நெய்ய வேண்டிய பகுதி அந்த நடுவில்தான் சுருண்டிருக்கும். முனிரத்தினம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். சரோஜா அவரிடம் தெலுங்கில் சொன்னாள்: 'எலிக்குச் சோறு போட்டு வளர்த்தது இந்த அம்மா. நம் தலையெழுத்து, இவளையும் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.'

என் வாயிலிருந்து தெலுங்கிலேயே வந்துவிட்டது: "ஆமாம். தப்பு என்னுடையதுதான்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். சரோஜாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. ஆறு நாளாக என்னென்ன பேசினோம் என்று மனசுக்குள் எண்ணியிருப்பாள். பிறகு அவள் சிரிக்கத் தொடங்க, முனிரத்தினமும் சிரிக்க, அந்த ஓட்டை விழுந்த பாவைச் சுற்றி நின்று மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு என்னை அவள் டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை. அக்கா என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்று கண்ணில் பட்டது. கடித்துத் துப்பிய துணுக்கு ஒன்றுகூடக் கீழே இல்லை. பக்கத்திலேயே தவிடு இருக்க, பட்டில் அதற்கு என்ன சத்து? எலி இதைத் தின்னவில்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யார் என்று கேட்டேன்.

"பெரணமல்லூர்ப் பக்கம் பச்சையம்மான்னு ஒருத்தி கீறா" என்றார் முனிரத்தினம். "வயல்ல எலி புடிக்கிறவ. நெலத்துக்காரங்க ஊர் ஊரா கூட்டிகினு போவாங்க. வருவாளான்னு தெரியாது."

நானே பஸ் ஏறினேன். தப்புக்குப் பரிகாரமாக அலைவது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பாதி வழியில் ஏரி நிரம்பி, தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், பீடி பற்ற வைத்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். கண்டக்டர், "எறங்கி நடக்கிறவங்க நடக்கலாம், குந்தறவங்க குந்தலாம். நாளைக்குக் காலைல வண்டி போவும்" என்றார். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம். இங்கே ஒரு பெரியவர், "ஏரி ரொம்பினா நல்லதுதானே" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் பின்னாலேயே நானும் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டேன்.

பச்சையம்மா ஒரு வரப்பில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளும் அவள் புருஷனும் வளைக்குள் புகை ஊதி, மறுவாயில் கை வைத்து, வந்த எலிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு வளையைத் தோண்டினார்கள். உள்ளறையில் நெற்கதிர்கள் நறுக்கி அடுக்கியிருந்தன. அதையும் அவள் கூடையில் வாரிக்கொண்டாள். அதுவும் கூலியில் சேர்த்தியாம்.

நான் கதையைச் சொன்னேன். அவள் வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"மழ வந்தா எலி மேட்டுக்குத்தான் ஏறும். சுத்திப் பாரு, வயலெல்லாம் தண்ணி. மேடு எங்க கீது? உங்க தெருதான் மேடு" என்றாள். "தவுடு வேற வெச்சியா?"

"ஆமாம்."

"பசிச்ச எலி தீனி தேடும். சினைப் பொட்டை எலி வயிறு ரொம்பினா வூடு கட்டும். குட்டி போட மெத்தை வோணுமில்ல? பருத்தி, வைக்கோல், உன் பட்டு, எது மெதுவா கீதோ அது."

ஒற்றைச் செருப்போடு அந்த வரப்பில் நின்றேன். இதைத்தான் நான் வேறு வார்த்தையில் வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். உயிருக்குக் கிடைக்கும் ஆற்றலில் முதல் பங்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. மூச்சு விட, ஓட, சூடாக இருக்க. அதில் மிச்சம் பிடித்தால்தான் கூடு, குட்டி எல்லாம். மிச்சம் இல்லாத வருஷம் எந்த உயிரும் கூடு கட்டாது. பரீட்சைத் தாளில் இதற்கு நாலு மார்க். அதைச் சட்டியில் போட்டுக் கொடுத்ததும் நான், மறந்ததும் நான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'மிச்சம்' என்னை விடவில்லை. அப்பா போன பிறகு இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. என் இருபது முழுக்க அவர்கள் படிப்பு, முப்பது முழுக்க அவர்கள் கல்யாணம். எனக்குக் கல்யாண ஆசை இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு. நானும் அதை நம்பியிருந்தேன். ஆசை இல்லாமல் இல்லை. மிச்சம் இல்லை. கடைசித் தம்பி வேலைக்குப் போன வருஷத்தில்தான் அந்த டிரெஸ்ஸர் என் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்க வந்து, அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அதற்கு முன்னும் வந்திருப்பார். என் காதில்தான் விழுந்திருக்காது. பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே இரக்கம் வந்தது. கொஞ்சம் கோபமும்.

வருவதாகச் சொன்னபடியே, ஏழாம் நாள் காலை பச்சையம்மா தண்ணீரைத் தாண்டி வந்து சேர்ந்தாள். தெருவில் பாதி எங்கள் வாசலில். தறியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மோந்து பார்த்தாள். குழிக்குள் இறங்கி, மிதிகட்டைக்குப் பின்னால் ஒரு செங்கல்லை அசைத்தாள். வந்துவிட்டது. முனிரத்தினம் தினமும் கால் வைக்கிற இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்.

பொந்துக்குள் அரக்குப் பட்டு. இழை இழையாகக் கோதி, பஞ்சு போல ஆக்கி, நடுவில் குழித்திருந்தது. இடையிடையே ஜரிகை மின்னிற்று. அதன்மேல் கண் திறக்காத எட்டுக் குட்டிகள், ரோஸ் நிறத்தில். இவ்வளவு உயர்ந்த மெத்தையில் அந்தத் தெருவில் எந்தக் குழந்தையும் பிறந்திருக்காது. முனிரத்தினம் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் பிரிச்சிருக்குது" என்றார். தொழில்காரர் தொழில்காரரைப் பற்றிச் சொல்வது போல.

தாய் எலியைப் பச்சையம்மா சாக்கில் பிடித்தாள். வெவ்வேறு பொந்துகளிலிருந்து இன்னும் பதினாலு.

"கறிக்கு ஆவுமா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள்.

"சீ! வூட்டு எலி நாறும். நெல்லு தின்ற எலிதான் கறி" என்று பச்சையம்மா முகத்தைச் சுளித்தாள். எங்கள் தெருவைப் பற்றி அவளுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

குட்டிகளை என்ன செய்வது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கூரை ஓட்டின்மேல் வைத்துவிட்டு இறங்கினாள். காக்கைகள் வந்தன. சரோஜா உள்ளே போய்விட்டாள். நான் நின்று பார்த்தேன். ஒரு பை தவிடு எலியின் பாலாகி, எட்டுக் குட்டிகளின் உடம்பில் ஏறி, இரண்டு காக்கைகளின் காலைச் சாப்பாடாகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் பெரும்பங்கு வெறும் சூடாகக் கரைந்து போக, மேலே வந்து சேர்ந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. கரும்பலகையில் நான் போடும் அம்புக்குறிக்குச் சத்தம் கிடையாது. இங்கே சத்தம் இருந்தது.

பச்சையம்மா டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, சரோஜாவின் பழைய சேலை ஒன்றையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். போகும்போது என்னிடம், "சட்டியக் கவுத்துப் போடு. இல்லன்னா அடுத்த வாரம் வேற கும்பல் வரும்" என்றாள். கவிழ்த்தேன். பொந்துகளைச் சுண்ணாம்பு குழைத்து அடைத்தோம். எதிர்வீட்டு அம்மாளிடம் அவள் எலிகளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

அதன்பின் புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றித் தறியில் உட்கார்ந்தார்கள். எட்டாம் நாள் நண்பகலில் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். முனிரத்தினம் மிச்சப் பாவை அவிழ்த்து, ஓட்டை விழுந்த பகுதியைப் பிரித்து அளந்துகொண்டிருந்தார்.

"இதுல முடிச்சுப் போட முடியாதுங்க டீச்சர். வெட்டித்தான் ஆவணும். சேலை நீளம் கொறையும்" என்றார். "முந்தானைய நான் கொறைக்க மாட்டேன். முகூர்த்தச் சேலைக்கு முந்தி முழுசா இருக்கணும். அப்ப ஒடம்புலதான் கொறைக்கணும். ரவிக்கைத் துணி கெடையாது. அதுக்கும் மேல ஒரு முக்கால் கஜம் போவும்."

"சரி."

"சரின்னா எப்படிங்க? பொண்ணு உசரமா, குள்ளமா? ஒல்லியா, பூசினாப்புலயா? பத்துமா பத்தாதான்னு தெரியாம நான் எங்க முந்தி போட ஆரம்பிக்கிறது? ஒரு வாட்டி போட்டுட்டா பிரிக்க முடியாதுங்க. பத்தாத சேலைய மணவறையில எப்படிக் கட்டுறது?" ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "கட்டப்போறவங்க யாருன்னு சொல்லுங்க. அந்த அளவுக்கு நெய்யிறேன்."

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தொழிலுக்காகக் கேட்டார். சரோஜா அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இப்போதும் ஒரு வழி இருந்தது. 'பத்தாது, விட்டுடுங்க' என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு ஊருக்குப் போகலாம். எலிமேல் பழியைப் போடலாம். டிரெஸ்ஸர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பழையபடி அவர் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பார், நான் வாங்கிக்கொள்வேன்.

"எனக்குத்தான்" என்றேன். இன்னொரு தடவை சொன்னேன். "சேலை எனக்குத்தான். தையில எனக்குக் கல்யாணம், நாப்பத்தோரு வயசுல."

சரோஜா உள்ளே போய், தன்னுடைய சேலை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் முக்கால் கஜத்தை மடித்துத் தள்ளிவிட்டு, நான் கட்டியிருந்ததற்கு மேலேயே என்னைச் சுற்றினாள். முந்தானையைத் தோளில் போட்டுவிட்டு, முன்னால் மண்டியிட்டு, விரல்களுக்கிடையில் கொசுவம் மடித்து எண்ணினாள். அவள் உச்சி வகிட்டில் என் கண்ணீர் விழுந்ததை அவள் கவனித்தாளோ என்னவோ.

"எட்டு வர்ற எடத்துல அஞ்சுதான் வர்து" என்றாள்.

"போதுமா?" என்றேன்.

அண்ணாந்து பார்த்தாள். "நாப்பத்தொண்ணுல கண்ணாலம் கட்றவங்களுக்கு அஞ்சு கொசுவம் தாராளம்க்கா. தடுக்காம ஜல்தியா நடந்து போவலாம்."

அழுதுகொண்டே சிரித்தேன். முனிரத்தினம் சிரிக்கவில்லை. நாடாவில் முந்தானைக்கு உரிய ஜரிகை சுற்றிய தாரை மாற்றிப் போட்டு, கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதிகட்டையில் வைத்தார்.

"முந்தி போட்டுடட்டுங்களா, டீச்சர்?"

"போடுங்க" என்றேன்.